கொடுத்த கிட்னியும் தண்ணீர்க் கணக்கும்

டிஸ்பென்சரியில் நாங்கள் அடிக்கடி கேட்கிற வார்த்தை ஒன்று உண்டு. "ஐயா, உடம்பு ஒரே அசதியா இருக்கு. ஒரு பாட்டில் தண்ணி ஏத்தி விட்டீங்கன்னா சரியாயிடும்." நம் தோட்டத்து மக்களுக்கு டிரிப் பாட்டிலின் மேல் அப்படி ஒரு நம்பிக்கை. அதில் என்ன இருக்கிறது என்று கேட்டால் "சத்து" என்பார்கள். அரை லிட்டர் குளுக்கோஸ் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சீனி, அதாவது ஐந்தாறு தேக்கரண்டி. நார்மல் சலைன் என்கிற உப்புப் பாட்டில் என்றால் ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு. மற்றதெல்லாம் சுத்தமான தண்ணீர். வீட்டில் ஒரு கிளாஸ் தேநீரும் ஒரு மங்கு கஞ்சியும் குடித்தால் அதைவிட அதிகமாகவே கிடைக்கும்.

ஆனாலும் நல்ல உடம்புக்காரருக்கு ஒரு பாட்டில் ஏற்றினால் பெரிய கெடுதல் வருவதில்லை. ஏன்? நம் உடம்பில் தண்ணீருக்கும் உப்புக்கும் செக்ரோல் எழுதுகிற கிராணி ஒருவர் இருக்கிறார். அவர்தான் சிறுநீரகம், நாம் கிட்னி என்று சொல்வது. வந்ததை எண்ணி, வேண்டியதை வைத்து, மிச்சத்தை வெளியே தள்ளிவிடுவார். அந்தக் கிராணி வேலைக்கு வராவிட்டால்தான் பாட்டில் தண்ணீர் எவ்வளவு பெரிய சங்கதி என்பது தெரியும்.

இதை எழுதக் காரணம், பக்கத்துத் தோட்டத்துச் சகோதரி ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி. அவருடைய தங்கை மகனுக்கு இரண்டு கிட்னியும் பழுது. டயாலிசிஸ் செய்து வந்தார்கள். பிறகு தாயே ஒரு கிட்னி கொடுத்து, கோலாலம்பூரில் ஆப்பரேஷன் நடந்தது. "ஐயா, ஆப்பரேஷனுக்கு முந்தி பையன் அரை கிளாஸ் தண்ணி கூடக் குடிச்சாலும் மிஸ்ஸி ஏசுவாங்க. ஆப்பரேஷன் முடிஞ்சதும் பாட்டில் பாட்டிலா ஏத்துறாங்க. முகமெல்லாம் ஊதிப் போச்சு. இப்ப வீட்டுக்கு வந்த பிறகு குடி, குடின்னு சொல்லி அனுப்பியிருக்காங்க. எது ஐயா உண்மை?" என்றார்.

மூன்றும் உண்மைதான். மூன்று காலத்துக்கு மூன்று கணக்கு. இந்தக் கணக்கு புரியாமல் வீட்டில் ஆளுக்கொரு யோசனை சொல்லித் தண்ணீரைக் கூட்டிக் குறைத்தால், தாய் கொடுத்த கிட்னியே போய்விடக்கூடும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஆப்பரேஷனுக்கு முந்திய காலம். சின்னக் குழந்தைகளுக்குக் கிட்னி பழுதாவது பெரும்பாலும் பிறவியிலேயே வந்த கோளாறால். கிட்னி சரியாக வளராமல் இருக்கும், அல்லது சிறுநீர் போகிற பாதையில் அடைப்பு இருக்கும். தாய் கர்ப்பமாக இருந்தபோது எதைச் சாப்பிட்டாள், எந்தக் கிரகணத்தைப் பார்த்தாள் என்று மாமியார் வீட்டில் விசாரணை நடத்துவது வீண் வேலை. சிறுநீர் போகாத குழந்தைக்குக் குடித்த தண்ணீர் உடம்பிலேயே நிற்கும். முகமும் காலும் வீங்கும், இரத்த அழுத்தம் ஏறும், நுரையீரலில் தண்ணீர் கோத்து மூச்சு வாங்கும். ஆகவே டாக்டர் கணக்குப் போடுகிறார். நேற்று எவ்வளவு சிறுநீர் போனது, அதோடு வியர்வையிலும் மூச்சிலும் போகிற தண்ணீர் எவ்வளவு, இரண்டையும் கூட்டினால் வருவதுதான் இன்றைய அளவு. 20 கிலோ எடையுள்ள, சிறுநீரே போகாத பிள்ளைக்கு இது சுமார் 320 மில்லி வரும். ஒரு பெரிய கிளாஸ், அவ்வளவுதான், ஒரு நாள் முழுதுக்கும். ரசமும் கஞ்சியும் ஐஸ் குச்சியும் தர்பூசணியும் அந்தக் கணக்கிலேயே சேரும். நம் ஜொகூர் வெயிலில் ஒரு குழந்தைக்கு இது எவ்வளவு கொடுமை என்று தாய்மாருக்குத் தெரியும். பாட்டி பாவம் பார்த்து ஒளித்துக் கொடுக்கிற ஒரு மங்கு தண்ணீர்தான் மறுநாள் டயாலிசிஸில் குழந்தையை வாட்டுகிறது.

இரண்டாவது, ஆப்பரேஷன். நம் நாட்டில் முதல் சிறுநீரக மாற்று ஆப்பரேஷன் 1975 டிசம்பரில் கோலாலம்பூர் பொது மருத்துவமனையில், டாக்டர் ஹுசைன் அவாங் செய்தது. உறவினர் கொடுத்த கிட்னியைத்தான் வைத்தார்கள். தமிழ்நாட்டில் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் 1971-லேயே வெற்றிகரமாகச் செய்திருந்தார்கள். ஐம்பது வருஷத்துக்கு மேல் பழகிய வைத்தியம் இது, பரிசோதனை இல்லை. ஆனால் குழந்தைக்குச் செய்வது பெரியவருக்குச் செய்வது போல் அல்ல. கொடுப்பவர் பெரும்பாலும் தாயோ தகப்பனோ. கிட்னி பெரிய ஆளுடையது, அதை வாங்கிக்கொள்கிற உடம்போ சின்னது.

இதைக் கொஞ்சம் எண்ணிப் பார்ப்போம். 12 கிலோ குழந்தையின் உடம்பில் இருக்கிற மொத்த இரத்தமே ஒரு லிட்டருக்குக் குறைவு. தாயின் உடம்பில் ஏறக்குறைய நாலு, ஐந்து லிட்டர். தாயின் உடம்பில் இருந்தபோது அந்த ஒரு கிட்னிக்கு மட்டும் நிமிஷத்துக்கு அரை லிட்டருக்கு மேல் இரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் குழந்தையின் இதயம் நிமிஷத்துக்கு அனுப்புவதே ஏறக்குறைய 2 லிட்டர்தான். அதில் கால் பங்குக்கும் மேல் இந்தப் புது விருந்தாளியே கேட்கிறது! லயத்தில் ஆறு வீட்டுக்குப் போகிற சின்னக் குழாயிலிருந்து ஃபேக்டரிக்கும் தண்ணீர் இழுத்தால் என்ன ஆகும்? எந்த வீட்டிலும் குழாய் சொட்டாது. அதே கதைதான் இங்கேயும்.

ஆகையால், கிட்னியை வயிற்றுக்குள் வைத்து இரத்தக்குழாய்களைத் தைத்து, கட்டியிருந்த கிளாம்பைத் திறப்பதற்கு முன்பே, குழந்தையின் இரத்த ஓட்டத்தைத் தண்ணீராலும் தேவைப்பட்டால் இரத்தத்தாலும் நிரப்பி வைக்கிறார்கள். கிளாம்பைத் திறந்தவுடன் அந்தப் பெரிய கிட்னி ஒரு பங்கு இரத்தத்தை உறிஞ்சிக்கொள்ளும். நிரப்பி வைக்காவிட்டால் அந்த நொடியில் அழுத்தம் விழுந்துவிடும். கிட்னிக்குள் இரத்தம் மெதுவாகி உறைந்து போகலாம். உறைந்தால் அந்தக் கிட்னியை எடுத்துவிட வேண்டியதுதான். சின்னக் குழந்தைகளுக்கே இந்த ஆபத்து அதிகம். கழுத்தில் குழாய் செருகி, இதயத்துக்குப் பக்கத்தில் அழுத்தம் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டே இருப்பது இதற்குத்தான். "பிள்ளை கழுத்திலே என்னமோ குத்தி வச்சிருக்காங்க" என்று பயப்பட வேண்டாம்.

முகம் ஊதியதற்குக் காரணமும் இதுவே. வேண்டுமென்றே கொஞ்சம் அதிகமாக நிரப்புகிறார்கள். பிறகு கொடுக்கிற ஸ்டீராய்டு மருந்தும் முகத்தை உருண்டையாக்கும். கிட்னி வேலை செய்யத் தொடங்கினால் வீக்கம் வடிந்துவிடும்.

வேலை செய்யத் தொடங்கினால் அடுத்த கூத்து. உயிருள்ளவர் கொடுத்த நல்ல கிட்னியாக இருந்தால் சில சமயம் மேசையிலேயே சிறுநீர் கொட்டத் தொடங்கிவிடும். ஐஸில் இருந்து வந்த கிட்னிக்கு ஆரம்பத்தில் அளவு தெரியாது. குழந்தையின் இரத்தத்தில் தேங்கிக் கிடந்த கழிவும் சேர்ந்து தண்ணீரை இழுத்துக்கொண்டு போகும். ஒரு மணி நேரத்தில் சில நூறு மில்லி போவதும் உண்டு. மொத்த இரத்தமே 900 மில்லி உள்ள உடம்பிலிருந்து இப்படிப் போனால் இரண்டு மூன்று மணி நேரத்தில் உடம்பு காய்ந்துவிடும். அதனால்தான் மிஸ்ஸிமார் மணிக்கு ஒரு தரம் சிறுநீரை அளக்கிறார்கள். போன மணி நேரத்தில் எத்தனை மில்லி போனதோ, இந்த மணி நேரத்தில் அத்தனை மில்லி ஏற்றுகிறார்கள். வியர்வைக்கும் மூச்சுக்கும் தனியே சேர்க்கிறார்கள். பாட்டில் பாட்டிலாக ஏற்றியது இதற்காகத்தான். அந்தச் சிறுநீர்ப் பையைத் தெரியாமல் காலி செய்துவிட்ட உறவினர்களைப் பற்றி வார்டுகளில் கதை கதையாகச் சொல்வார்கள். தயவு செய்து அதைத் தொடாதீர்கள். மிஸ்ஸிக்கு அது குப்பை இல்லை, கணக்குப் புத்தகம்.

சரி, எவ்வளவு என்பது புரிந்தது. எந்தத் தண்ணீர் என்பது அதைவிடப் பெரிய கேள்வி. நமக்குப் பாட்டில் எல்லாம் ஒன்று போலவே தெரியும். உள்ளே இருக்கிற உப்பு வேறு வேறு. இரத்தத்தில் சோடியம் என்கிற உப்புச் சத்து 135-லிருந்து 145 வரை இருக்க வேண்டும். நார்மல் சலைனில் அது 154. குழந்தைகளுக்கென்று முன்பு நிறையப் பயன்பட்ட சீனி கலந்த ஒரு பாட்டிலில் வெறும் 31 தான். அதாவது நார்மல் சலைனில் ஐந்தில் ஒரு பங்கு. இந்த நீர்த்த தண்ணீரை வேகமாக ஏற்றினால் இரத்தத்தில் உப்பு குறைந்து, தண்ணீர் மூளைக்குள் ஊறி, மூளை வீங்கும். மண்டை ஓடு எலும்பு. வீங்குகிற மூளைக்கு அது இடம் கொடுக்காது.

இப்படித்தான் 1995 நவம்பரில் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் நடந்தது. அங்கே குழந்தைகளுக்கான பெரிய மருத்துவமனையில் 4 வயதுப் பையனுக்குக் கிட்னி மாற்று ஆப்பரேஷன். அவனுடைய பழைய கிட்னி சிறுநீரை வெளியே விடும், ஆனால் தேவைக்கேற்பக் கூட்டவோ குறைக்கவோ தெரியாதது. ஆப்பரேஷனின்போது அவனுக்கு உப்பு குறைந்த அந்தத் தண்ணீரை அளவுக்கு மேல் ஏற்றிவிட்டார்கள். பையன் கண் விழிக்கவே இல்லை. மூளை வீங்கி மறுநாள் இறந்துபோனான். தண்ணீரால் உப்பு நீர்த்துப் போனதே காரணம் என்று 1996-ல் மரண விசாரணையில் சொல்லப்பட்டது. ஆனாலும் பாடம் மற்ற ஆஸ்பத்திரிகளுக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. அதே பகுதியில் வேறு குழந்தைகளும் இறந்தார்கள். 2004-ல் அரசாங்கம் விசாரணைக் குழு அமைத்தது. நீதிபதி ஜான் ஓஹாரா ஐந்து குழந்தைகளின் விஷயத்தை விசாரித்து 2018 ஜனவரியில் அறிக்கை கொடுத்தார். நடந்ததைப் பெற்றோரிடம் ஒளிவு மறைவில்லாமல் சொல்லாததை அவர் கடுமையாகக் கண்டித்தார். இதற்கிடையில் 2007-லேயே பிரிட்டனில் அந்த நீர்த்த பாட்டிலைச் சாதாரண வார்டுகளிலிருந்து எடுத்துவிடும்படி உத்தரவு போனது.

அந்த டாக்டர்கள் கெட்டவர்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. ஹாலிடே, செகார் என்ற இரண்டு அமெரிக்க டாக்டர்கள் 1957-ல் ஒரு கணக்கு எழுதினார்கள். முதல் 10 கிலோவுக்குக் கிலோவுக்கு 100 மில்லி, அடுத்த 10 கிலோவுக்கு 50, அதற்கு மேல் 20. உலகம் முழுவதும் இதைத்தான் படித்தார்கள். நாங்களும் இதைத்தான் மனப்பாடம் செய்தோம். தண்ணீரின் அளவுக்கு இந்தக் கணக்கு இன்றும் ஓடுகிறது. ஆனால் உப்பு எவ்வளவு என்று அவர்கள் சொன்ன பகுதி, வலியிலும் வாந்தியிலும் ஆப்பரேஷனிலும் இருக்கிற குழந்தைக்குப் பொருந்தவில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் உடம்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வெளியே விடாது. இது புரியப் பல வருஷம் ஆனது. டிங்கிக் காய்ச்சல் வந்த பிள்ளைக்கு "இன்னும் ஒரு பாட்டில் போடுங்க" என்று வார்டில் சண்டை பிடிக்கிற தகப்பன்மார் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கட்டும். டிங்கியிலும் அளவுக்கு மேல் ஏற்றிய தண்ணீர் நெஞ்சில்தான் போய் நிற்கும்.

நார்மல் சலைன் மட்டும் முழு நல்லது என்றும் சொல்ல முடியாது. அதில் குளோரைடு என்ற சத்து இரத்தத்தில் இருப்பதைவிட மிக அதிகம். லிட்டர் கணக்கில் போனால் இரத்தம் புளித்துப் போகும், கிட்னியின் இரத்த ஓட்டமும் குறையலாம். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும், இறந்தவர் கிட்னியைப் பெற்ற 808 பேரை இரண்டாகப் பிரித்து ஒரு பங்குக்குச் சலைனும் மற்றப் பங்குக்கு இரத்தத்தின் உப்புகளை ஒத்த பிளாஸ்மா-லைட் என்ற தண்ணீரும் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2023-ல் வந்தது. புதுக் கிட்னி உடனே வேலை செய்யாமல் டயாலிசிஸ் தேவைப்பட்டவர்கள் சலைன் கூட்டத்தில் 100-க்கு 40 பேர், மற்றதில் 30 பேர். அவர்களில் பெரும்பாலோர் பெரியவர்கள். குழந்தைகளுக்கும் அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்ல முடியாது. எந்தப் பாட்டில் போட வேண்டும் என்பதை டாக்டர்தான் முடிவு செய்வார். ஆனால் "என்ன தண்ணி ஏத்துறீங்க டாக்டர், உப்பு டெஸ்ட் எப்படி இருக்கு?" என்று பெற்றோர் கேட்கலாம். மரியாதையாகக் கேட்டால் யாரும் கோபப்பட மாட்டார்கள். கோபப்பட்டாலும் கேட்க வேண்டிய கேள்விதான்.

மூன்றாவது காலம் வீட்டில். இதுதான் நம் கையில் இருப்பது, இதில்தான் நம் குடும்பங்கள் தடுமாறுகின்றன.

பெரிய ஆள் கிட்னி சின்ன உடம்பில் உயிரோடு இருக்க வேண்டுமானால் இரத்த ஓட்டம் எப்போதும் நிரம்பி இருக்க வேண்டும். அதற்குத் தண்ணீர் குடிக்க வேண்டும். எவ்வளவு என்று வார்டில் எழுதிக் கொடுப்பார்கள். சின்னப் பிள்ளைக்குக் கூட ஒரு நாளைக்கு ஒன்றரை, இரண்டு லிட்டர் வரலாம். ஆனால் பிள்ளையோ இரண்டு மூன்று வருஷமாகத் "தண்ணி குடிக்காதே" என்ற ஏச்சிலேயே வளர்ந்தது. அதற்குத் தாகம் என்பதே மறந்து போயிருக்கும். நாக்கு நனைத்தாலே போதும் என்று பழகிவிட்டது. இப்போது குடி என்றால் எப்படிக் குடிக்கும்? அடம் என்று நினைத்து அடிக்காதீர்கள். சில நாடுகளில் சின்னக் குழந்தைகளுக்கு மூக்கு வழியாக அல்லது வயிற்றில் வைத்த குழாய் வழியாக இராத்திரியில் தண்ணீர் ஓட விடுகிறார்கள். அவ்வளவு கஷ்டமான காரியம் இது.

நான் பார்த்தவரையில் நல்ல வழி, காலையிலேயே அன்றைய அளவை இரண்டு மூன்று போத்தலில் ஊற்றி வைத்துவிடுவது. ராத்திரிக்குள் போத்தல் காலியாக வேண்டும். காலை ஐந்து மணிக்குப் பெரட்டுக்குப் போகிற தாய், "பிள்ளை குடித்துக்கொள்ளும்" என்று விட்டுவிட முடியாது. பாட்டியிடமோ ஆயாக் கொட்டகையிலோ போத்தலைக் காட்டிச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளையானால் ஆசிரியரிடம் போய்ச் சொல்லுங்கள். வகுப்பில் போத்தல் வைத்துக்கொள்ளவும், கேட்டபோதெல்லாம் வெளியே போகவும் அனுமதி வேண்டும். கழிவறை நாறுகிறது என்பதற்காகவே தண்ணீர் குடிக்காமல் வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற வைத்தே கொடுங்கள், ஏனென்றால் கிட்னியை உடம்பு தள்ளிவிடாமல் இருக்கக் கொடுக்கிற மருந்து கிருமியை எதிர்க்கும் சக்தியையும் குறைக்கும். சில லயங்களில் இன்னமும் குழாயில் கலங்கல் தண்ணீர் வருவதும், நாள் கணக்கில் நின்று போவதும் உண்டு. அப்படிப்பட்ட பிள்ளை இருக்கிற வீடு என்று கிளைச் செயலாளரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். நிர்வாகத்திடம் பேசும்போது அது பலமான காரணம்.

எல்லாவற்றையும்விடப் பயப்பட வேண்டியது வாந்தி பேதி. மற்ற பிள்ளைக்கு இரண்டு நாள் பேதி என்றால் வீட்டில் வைத்தே பார்த்துவிடலாம். கிட்னி மாற்றிய பிள்ளைக்கு அப்படி இல்லை. தண்ணீர் வற்றினால் முதலில் அடி வாங்குவது புதுக் கிட்னி. இன்னொரு வேடிக்கை, பேதியின்போது தாக்ரோலிமஸ் என்ற அந்த மருந்து இரத்தத்தில் கூடிவிடும். கூடினால் அதுவே கிட்னியின் இரத்தக்குழாயைச் சுருக்கும். ஒரே நாளில் இரண்டு பக்கத்து அடி. அதற்காக மருந்தை நீங்களே நிறுத்தவும் கூடாது, நிறுத்தினால் உடம்பு கிட்னியைத் தள்ளத் தொடங்கும். அன்றைக்கே வார்டுக்குப் போன் போட்டு, பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். போகிற வழியில் ஓஆர்எஸ் பாக்கெட்டை அதில் எழுதியிருக்கிற அளவு தண்ணீரில் கலக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். 100 பிளஸ் போதாது, அதில் சீனி அதிகம், உப்பு குறைவு. கடைத்தெரு கிளினிக்கில் போய் ஒரு பாட்டில் ஏற்றிக்கொண்டு வந்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். ஏற்றுகிறவருக்கு உப்பு டெஸ்ட் கையில் இருக்காது. பொமலோ பழமும் அந்த மருந்தை இரத்தத்தில் கூட்டிவிடும், விருந்துக்குப் போன இடத்தில் கவனம்.

பேதி இல்லாவிட்டாலும் ஒரு காரியம் தினமும் செய்யலாம். காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடுவதற்கு முன், ஒரே தராசில் எடை பார்த்து எழுதி வையுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் என்பது ஒரு கிலோ. ஒரே நாளில் அரைக் கிலோ குறைந்தால் அது தண்ணீர் வற்றுகிறது, சதை குறையவில்லை. திடீரென்று ஏறி, சிறுநீரும் குறைந்தால் கிட்னி மக்கர் செய்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். இரண்டுக்கும் அன்றைக்கே போன். வீட்டில் தராசு இல்லாதவர்கள் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு வரலாம். அந்தச் சகோதரியின் தங்கையிடமும் இதையே சொல்லியனுப்பினேன், ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தையும் கொடுத்து. முதல் பக்கத்தில் வார்டின் போன் நம்பர், அடுத்த பக்கத்திலிருந்து தேதி, எடை, குடித்த போத்தல் எத்தனை. கிளினிக்குப் போகிற நாளில் டாக்டர் முதலில் கேட்பது அந்த நோட்டைத்தான்.